ஷு நாட்டைத் தேடி ஒன்றரை நாள்: செங்டூவில் ஒரு வழிகாட்டிச் சுற்றுலா

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டூவில் 'பண்டைய ஷு நாடு' (சிச்சுவானுக்குப் பழைய பெயர் ஷு) என்ற தலைப்பில் நடக்கும் இந்த ஒன்றரை நாள் வழிகாட்டிச் சுற்றுலாவுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். ஒன்று ஏன் குறைந்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனம் அது. குறைகளையும் எழுதப்போவதால் பெயரை விட்டுவிட்டேன். இதில் பார்க்கும் நான்கு இடங்களும் பொது இடங்கள்தான், நீங்களாகவே போகலாம், வேறு வழிகாட்டியோடும் போகலாம். யாரோடு போனாலும் இந்த வரிசை உதவும் என்று நினைத்துத்தான் விரிவாக எழுதுகிறேன்.

நான் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். புல வரைபடமும் கிராமப் பதிவேடும் பார்த்துப் பார்த்து, ஊர்ப் பெயர் என்றாலே நின்று விசாரிக்கும் பழக்கம் வந்துவிட்டது. இந்தப் பெயரை வைத்தது யார்? அந்த ஊர்க்காரரா, பக்கத்து ஊர்க்காரரா, வரி வாங்க வந்தவரா? இதுதான் எனக்கு எப்போதும் முதல் கேள்வி. மகள் செங்டூவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, "எனக்குப் பாண்டா வேண்டாம்மா, இந்தச் சீமைக்கு ஏன் ஷு என்று பெயர் வந்தது, அது எப்படி சிச்சுவான் ஆனது என்று சொல்லத் தெரிந்த ஆள் கிடைப்பாரா பார்" என்றேன். அவள் தேடிப் பிடித்ததுதான் இந்தச் சுற்றுலா.

சிச்சுவான் என்ற பெயர் நமக்குப் புதிதில்லை. தள்ளுவண்டிக் கடையில் 'ஷெஸ்வான் ஃப்ரைட் ரைஸ்' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறார்களே, அதே பெயர்தான். ஆங்கிலத்தில் முன்பு எழுதிவந்த பழைய எழுத்துக்கூட்டல் வழியாக நம் நாட்டுக்கு வந்து அப்படி ஆகிவிட்டது. செங்டூவில் இறங்கிப் பார்த்தால் அந்த மாகாணத்துக்கு ஒன்றுக்கு இரண்டு சுருக்கப் பெயர்கள். கார் நம்பர் பலகையில் 'சுவான்'. மூன்று கோடுகளை நிற்க வைத்தாற்போன்ற எழுத்து அது. நகரின் நடுவே ஓடும் பெரிய சாலைக்கு 'ஷுடூ' சாலை, அதாவது ஷுவின் தலைநகரச் சாலை. சாப்பாட்டுக் கடையில் எழுதியிருப்பது சுவான் சமையல். நாடகக் கொட்டகையில் நடப்பது சுவான் நாடகம். பட்டு ஜரிகைக் கடைக்குப் போனால் மட்டும் அது ஷு பட்டு, பூத்தையல் ஷு பூத்தையல். வழிகாட்டிப் பெண் வண்டியில் ஏறியதும் இதைத்தான் முதலில் காட்டினார். அங்கே ஒரு பழமொழி உண்டாம்: இளமையில் சுவானுக்குள் போகாதே, முதுமையில் ஷுவை விட்டு வெளியேறாதே. சுகமான ஊர், இளைஞனைச் சோம்பேறி ஆக்கிவிடும், வயதானவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று பொருள். ஒரே வாக்கியத்தில் ஒரே நிலத்துக்கு இரண்டு பெயர். அப்போதே எனக்குச் சுற்றுலாவின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

காலையில் முதல் இடம் சான்சிங்துய். செங்டூவுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர், குவாங்ஹான் ஊர்ப் பக்கம், யாஸி ஆற்றங்கரையில் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் வேனில் கூட்டிப் போகிறார்கள். தனியாகப் போகிறவர்கள் அதிவேக ரயிலில் குவாங்ஹான் வடக்கு நிலையத்தில் இறங்கி அங்கிருந்து போகலாம். இந்தப் பெயரும் ஒரு கதை. 'மூன்று நட்சத்திர மேடு' என்று அர்த்தம். வயல்வெளியில் மூன்று மண்மேடுகள் இருந்தன, எதிரே பிறை நிலா போல வளைந்த திட்டு. ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்ததைப் பெயராக வைத்தார்கள். அந்த மேடுகள் இயற்கையாக வந்தவை அல்ல, 3,000 வருஷத்துக்கும் முந்தைய ஒரு நகரத்தின் மண் மதில் மிச்சம் என்பது பிற்பாடு தோண்டியபோதுதான் தெரிந்தது. 1986-இல் செங்கல் சூளைக்கு மண் எடுத்த தொழிலாளர்கள் மண்வெட்டியில் தட்டுப்பட்டதுதான் முதல் குழி. அடுத்த மாதமே இரண்டாவது. 2019-க்குப் பிறகு இன்னும் ஆறு குழிகள் கிடைத்தன. 2023 ஜூலையில் திறந்த புதிய கட்டடத்தில் எல்லாம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் புல் முளைத்த மேடுகள் போலவே கட்டியிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு அது பொருத்தம்.

உள்ளே இருப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் பட்டியல் போடவில்லை. நாலு மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான வெண்கல மரம், பீடத்தோடு 2.6 மீட்டர் நிற்கும் வெண்கல மனிதன், எதுவும் சளைத்ததில்லை. ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்றது ஒரு முகமூடிக்கு முன்னால். அகலம் 1.38 மீட்டர். காது இரண்டும் விசிறி மாதிரி விரிந்திருக்கின்றன. கருவிழி இரண்டும் உருளை உருளையாக 16 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கவாட்டில் போய் நின்று பார்க்க வேண்டும், அப்போதுதான் அந்தக் கண்ணின் நீளம் தெரியும். நேர் எதிரே நின்று கைப்பேசியில் படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது தட்டிப்போகும்.

வழிகாட்டிப் பெண் அந்த இடத்தில் ஒரு நோட்டை எடுத்து, ஷு என்ற எழுத்தின் மிகப் பழைய வடிவத்தை எழுதிக் காட்டினார். மேலே பெரிதாக ஒரு கண். அதற்குக் கீழே சுருண்டு வளைந்த ஒரு உடல். அவ்வளவுதான். சீனத்தின் மிகப் பழைய வம்சங்களில் ஒன்றான ஷாங் அரசர்கள் குறி பார்த்த எலும்புகளில் அப்படித்தான் இருக்கிறது. பிற்பாடு, ஷாங்கைக் கவிழ்த்து வந்த ஜோ வம்ச காலத்தில் பூச்சியைக் குறிக்கும் உறுப்பு ஒன்றைக் கீழே சேர்த்தார்கள், இன்று எழுதும் எழுத்திலும் அது உண்டு. கி.பி. 100 வாக்கில் அகராதி தொகுத்த சூ ஷென், இது செடியில் இருக்கும் ஒரு கம்பளிப்புழு என்று எழுதிவைத்தார். பட்டுக்கும் இந்த நாட்டுக்கும் உள்ள சொந்தத்தை வைத்து அதைப் பட்டுப்புழு என்று சொல்கிறவர்களும் நிறைய. இந்த நாட்டின் முதல் அரசனாகச் சொல்லப்படும் த்சான்த்சோங் பெயரிலேயே பட்டுப்புழு இருக்கிறது. அவனுக்குக் கண் துருத்திக்கொண்டிருக்கும் என்று 4-ஆம் நூற்றாண்டில் சாங் சூ எழுதிய உள்ளூர் வரலாறு சொல்கிறது. அது எழுதப்பட்டபோது இந்த முகமூடி ஆயிரத்தைந்நூறு வருஷமாக மண்ணுக்குள் கிடந்தது. பெரிய கண் போட்ட எழுத்து, கண் துருத்திய அரசன் கதை, கண் நீண்ட முகமூடி. மூன்றும் ஒன்றுதானா?

"பலர் அப்படி நினைக்கிறார்கள், எனக்கும் ஆசைதான், ஆனால் நிரூபணம் கிடையாது" என்றார் அந்தப் பெண். இந்த ஒரு பதிலுக்கே நான் முழு மதிப்பெண் தருவேன். சுற்றுலா வழிகாட்டிகள் பொதுவாக இந்த மாதிரி இடத்தில் கதையை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதைவிட முக்கியமாக அவர் இன்னொன்றும் சொன்னார். சான்சிங்துய்யில் இவ்வளவு பொன்னும் வெண்கலமும் யானைத் தந்தமும் கிடைத்திருக்கின்றன, ஆனால் வாசிக்கக்கூடிய எழுத்து எதுவும் கிடைக்கவில்லை. தங்களை அந்த மக்கள் என்ன பெயரில் அழைத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் வாயிலிருந்து நமக்கு வந்து சேரவில்லை. ஷு என்று எழுதியவர்கள் தூரத்தில், வடக்கே மஞ்சள் ஆற்றுப் பக்கம் இருந்த ஷாங் எழுத்தர்கள். அவர்கள் எழுதிய ஷு இந்தச் சமவெளிதானா, வேறெங்கோ இருந்த இன்னொரு ஷுவா என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 1977-இல் ஷான்ஸி மாகாணத்தில் தோண்டியெடுத்த ஜோ காலத்துக் குறி எலும்புகளில் ஷுவின் மேல் படையெடுப்பது பற்றிய குறிப்பு இருக்கிறது. ஷாங் ஆட்சியைக் கவிழ்க்க ஜோ அரசன் வு, சுமார் கி.மு. 1046-இல் மூயே களத்தில் திரட்டிய எட்டுக் கூட்டாளிகளில் ஷுவும் ஒன்று என்று பழைய ஆவணம் சொல்கிறது. சண்டைக்குப் போனவர் எழுதியது, சண்டைக்குக் கூப்பிட்டவர் எழுதியது. ஊர்க்காரர் எழுதியது மட்டும் இல்லை. பதிவேட்டில் வேலை பார்த்த எனக்கு இது நெஞ்சில் தைத்தது. எழுதுகிறவர் கையில்தான் பெயர் நிற்கும்.

அதே கட்டடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் சோழிகள் இருக்கின்றன. குழிகளில் ஆயிரக்கணக்கில் கிடைத்தவை, முதுகு தேய்த்து ஓட்டை போட்டவை. கடலே இல்லாத நாட்டில் சோழி எப்படி? இந்தியப் பெருங்கடல் பக்கத்திலிருந்து யூனான் மலை வழியாகக் கைமாறி வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. என் மகள் அங்கேயே குனிந்து, "நம்ம பல்லாங்குழிச் சோழி மாதிரியே இருக்குப்பா" என்றாள். உண்மைதான். அந்த வழி இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று ஆயிரம் வருஷம் கழித்துத்தான் வருகிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அப்போது சீனாவை ஆண்ட ஹான் பேரரசின் தூதர் ஜாங் சியான், இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கத்துச் சந்தையில் ஷு துணியைப் பார்த்துத் திகைத்துப்போய், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஷென்டூவில் என்று பதில் வந்தது. சிந்து என்ற பெயரின் சீன வடிவம் அது, நம் நாடுதான். ஆக, ஷு என்ற பெயரை ஒட்டிக்கொண்ட சரக்கு இந்தியச் சந்தையில் விற்றிருக்கிறது. இதை வழிகாட்டி சொல்லவில்லை, நான்தான் கேட்டேன். இந்தியர்களைக் கூட்டிப் போகும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

முகமூடி வடிவத்தில் குச்சி ஐஸ் விற்கிறார்கள். பச்சை ஒன்று, பழுப்பு ஒன்று. பழுப்பு நன்றாக இருந்தது.

மதியச் சாப்பாடு சுற்றுலாக் கட்டணத்தில் சேர்ந்தது. சாதாரணக் கடை, நல்ல சாப்பாடு. மாப்போ டோஃபுவில் கொத்துக்கறி போடுவார்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். நாக்கை மரத்துப்போகச் செய்யும் அந்தச் சிவப்பு மிளகு அங்கே எல்லாவற்றிலும் இருக்கிறது. பழைய மருந்து நூல்களில் அதற்கு ஷு மிளகு என்று பெயர், பிற்காலத்தில் சுவான் மிளகு. செடி அதே செடிதான், நாட்டின் பெயர் மாறியதும் மிளகின் பெயரும் கூடவே மாறியிருக்கிறது. மருந்துக் கடையில் பார்த்தால் அநேகமாக எல்லா வேருக்கும் கிழங்குக்கும் முன்னால் 'சுவான்' என்றுதான் இருக்கிறது. தோட்டத்தில் வளரும் ஹாலிஹாக் பூவுக்கு மட்டும் இன்னும் ஷு பெயர். பட்டுத் துணியையும் பூவையும் ஷு வைத்துக்கொண்டது, அடுப்படியையும் மருந்துக் கடையையும் சுவான் எடுத்துக்கொண்டது.

சாப்பிட்டு முடித்ததும் முதல் குறை. ஜின்ஷாவுக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைக் கடையில் நிறுத்திவிட்டார்கள். அட்டவணையில் இல்லாதது. தேநீர் ஊற்றி, விலைப் பட்டியலைக் கையில் கொடுத்து, வாங்காமல் எழுந்தால் முகம் சுருங்குகிற கடை. அங்கே போன நேரம் முழுவதும் ஜின்ஷாவில் இருந்து கழிந்தது. ஜின்ஷா செங்டூ நகருக்குள்ளேயே, மேற்குப் பக்கம் இருக்கிறது. 2001-இல் கட்டட வேலைக்குத் தோண்டும்போது வெளிப்பட்ட இடம். சான்சிங்துய் ஓய்ந்த பிறகு அந்த மக்களின் மையம் இங்கே நகர்ந்திருக்க வேண்டும். 12.5 சென்டிமீட்டர் விட்டத்தில், 20 கிராம் எடையில், காகிதம் போன்ற ஒரு பொன் தகடு அங்கே இருக்கிறது. நடுவே பன்னிரண்டு கதிர்கள், சுற்றி நான்கு பறவைகள். சீன அரசு தன் பண்பாட்டு மரபுச் சின்னமாகவே அதை எடுத்துக்கொண்டது. அதன் முன்னால் ஆற அமர நிற்க வேண்டிய நேரம் தேநீரில் போய்விட்டது. இதற்குத்தான் ஒரு மதிப்பெண்ணில் பாதியைக் குறைத்தேன்.

வேனில் திரும்பும்போது சொன்ன கதை நன்றாக இருந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கே சின் நாட்டுக்காரர்கள் கல்லில் மாடு செய்து, அது பொன்னாகச் சாணி போடுகிறது என்று புரளி கிளப்பினார்களாம். ஷு அரசன் அதைக் கொண்டுவர மலையைக் குடைந்து பாதை போட்டுக் கொடுத்தானாம். அந்தப் பாதையிலேயே சின் படை வந்தது. மாட்டுக் கதை கதைதான், ஆனால் கி.மு. 316-இல் சின் தளபதி ஸிமா சுவோ ஷுவைப் பிடித்தது வரலாறு. அரசு போனது, பெயர் போகவில்லை. ஷு ஒரு மாவட்டத்தின் பெயர் ஆனது. அந்த மாவட்டத்து ஆட்சியாளராக வந்த லி பிங்தான் கி.மு. 256 வாக்கில் துஜியாங்யான் அணைக்கட்டைக் கட்டினார், இன்றும் வயலுக்குத் தண்ணீர் போகிறது. ஜெயித்தவர்கள் பதிவேட்டில் பழைய பெயரையே ஏற்றிக்கொண்டார்கள். ஹான் ஆட்சியில், கி.மு. 106-இல், அதற்கு மேலே ஈஜோ என்று ஒரு பெரிய பிரிவு வந்தது, ஷு அதற்குள் ஒரு மாவட்டமாக அடங்கியது.

மறுநாள் காலை வூஹோ கோயில். ஹான் பேரரசு உடைந்து நாடு மூன்றாகப் பிரிந்த 3-ஆம் நூற்றாண்டின் 'மூன்று அரசுகள்' காலத்துக் கதை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அமைச்சர் ஜூகே லியாங்கின் பெயரால் ஊர் அழைக்கும் கோயில், ஆனால் உள்ளே அரசர் லியூ பெய்யின் சமாதி மேடும் இருக்கிறது. சிவப்பு மதிலும் மூங்கிலும் சேர்ந்த அந்த நடைபாதையில்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். வழிகாட்டி எங்களை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தினார். "மேலே பாருங்கள், என்ன எழுதியிருக்கிறது?" என் மகள் வாசித்தாள்: ஹான் ஜாவோலியே கோயில். ஜாவோலியே என்பது லியூ பெய்க்கு இறந்தபின் கொடுத்த பட்டப்பெயர்.

"ஷு எங்கே?" என்றார்.

இல்லை. அங்கேதான் எனக்கு இந்தச் சுற்றுலாவின் முழு அருமையும் புரிந்தது. 221-இல் செங்டூவில் அரியணை ஏறிய லியூ பெய், தன் அரசை ஷு என்று சொல்லவே இல்லை. ஹான் வம்சத்தின் வாரிசு நான், என் அரசு ஹான் அரசு என்பதுதான் அவர் வாதமே. அதை விட்டுக்கொடுத்தால் அரியணைக்கே நியாயம் இல்லை. எதிரிகளான வேய் அரசுதான் அதை ஷு என்றது. ஹான் என்று ஒப்புக்கொண்டால், ஹானின் அரியணையைப் பறித்த தாங்கள் திருடர்கள் ஆகிவிடுவார்கள் அல்லவா? அது ஏதோ மூலையில் உள்ள ஷு சீமை, அவ்வளவுதான் என்று காட்ட இந்தப் பெயர் வசதியாக இருந்தது. 263-இல் அரசு விழுந்தது. வரலாறு எழுதிய சென் ஷோ இதே மண்ணில் பிறந்தவர், லியூ பெய் மகனின் அரசில் வேலை பார்த்தவர். ஆனால் ஜெயித்தவர்களின் வழியில் வந்த ஜின் ஆட்சியில் இருந்துதான் எழுதினார். தன் நூலில் லியூ பெய் அரசைப் பற்றிய பகுதிக்கு ஷு என்றே தலைப்பிட்டார். இன்று உலகம் முழுவதும் அது ஷு, அல்லது ஷு ஹான். லியூ பெய்யின் மகன் லியூ ஷான் கைதியாக வேய் தலைநகர் லுவோயாங்குக்குப் போனபோது, "ஷு நினைவு வருகிறதா?" என்று கேட்டதற்கு, "இங்கே சுகமாக இருக்கிறது, ஷுவை நினைப்பதில்லை" என்றாராம். அவர் தந்தை ஏற்காத பெயர் அதற்குள் மகன் வாய்க்கே வந்துவிட்டது. வாசல் பலகை மட்டும் விட்டுக்கொடுக்காமல் ஹான் என்றே நிற்கிறது.

தனியாகப் போகிறவர்கள் நேரே சிலைகளுக்குப் போய்விடாமல் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கடைசி இடம் யோங்லிங். இங்கே கூட்டமே இல்லை. 10-ஆம் நூற்றாண்டில் தாங் பேரரசு உடைந்தபோது இங்கே ஆண்ட வாங் ஜியானின் சமாதி. அவர் இந்த ஊர்க்காரர் அல்ல, ஹெனான் பக்கத்திலிருந்து வந்த படைத்தலைவர். 903-இல் தாங் அரசு அவருக்கு 'ஷுவின் இளவரசர்' பட்டம் தந்தது. 907-இல் தாங் விழுந்ததும் தானே பேரரசர் என்று அறிவித்து, நாட்டுக்குப் 'பெரிய ஷு' என்று பெயர் வைத்தார். எதிரி ஒதுக்கித் தள்ள வைத்த பெயரை ஒரு அரசு தன் கொடியாகவே ஏற்றியது இங்கே. அவர் மகன் காலத்தில், 925-இல், அந்த அரசு போனது. 934-இல் மெங் குடும்பம் அதே பெயரில் இன்னொரு ஷுவைத் தொடங்கி 965 வரை வைத்திருந்தது.

சமாதி தரைக்கு மேலே கட்டியது. உள்ளே இருட்டு, குளிர்ச்சி. நடுவே சவப்பெட்டி வைத்த கல் மேடை. அதைப் பன்னிரண்டு கல் வீரர்கள் இடுப்பளவு மண்ணில் புதைந்தவாறு இரண்டு பக்கமும் தாங்குகிறார்கள். மேடையின் மூன்று பக்கமும் 24 பெண்கள். இருவர் ஆடுகிறார்கள், மற்றவர்கள் வாசிக்கிறார்கள். வீணை போல ஒன்று, யாழ் போல ஒன்று, விதவிதமான முழவுகள், தாளம். ஒருத்தி சங்கு ஊதுகிறாள். இன்னொருத்தி இரண்டு விரலால் ஒரு இலையைப் பிடித்து உதட்டில் வைத்து ஊதுகிறாள். நாங்கள் சின்ன வயதில் பூவரசு இலையைச் சுருட்டி ஊதியிருக்கிறோம், ஒரு பேரரசரின் சமாதியில் அதை வாத்தியமாகச் செதுக்கியிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். கொஞ்சம் குனிந்து, விளக்கு பக்கவாட்டில் விழும்படி நின்றால் கன்னம் உப்பியிருப்பது தெரிகிறது.

இந்த மேட்டை ரொம்ப காலம் வேறு ஒன்றாக நினைத்திருந்தார்கள். ஹான் காலத்துக் கவிஞர் ஸிமா சியாங்ரு யாழ் மீட்டிய மேடை என்று ஊர் நம்பியது. 1940-இல் விமானத் தாக்குதலுக்குப் பதுங்குகுழி தோண்டியபோது செங்கல் சுவர் தட்டுப்பட்டது, 1942, 43-இல் தோண்டிப் பார்த்ததில் வாங் ஜியான் வெளிப்பட்டார். ஆனால் அந்தப் பேட்டைக்கு இன்னும் ஃபூசின், 'யாழ் மீட்டுதல்' என்றுதான் பெயர். உண்மை தெரிந்த பிறகும் பெயரை யாரும் மாற்றவில்லை. மாற்றாததும் நல்லதுதான் என்பேன். மேட்டைப் பற்றி அந்த ஊர் பல தலைமுறையாக என்ன நினைத்தது என்பதற்கு அந்தப் பெயர்தானே சாட்சி.

அடுத்த குறை இங்கேதான், கடைசி அரை மணி நேரத்தில். சிச்சுவான் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். அவ்வளவு கவனமாகப் பேசிய பெண், "நான்கு ஆறுகள் ஓடுவதால்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கையில் கொடுத்த அச்சடித்த தாளிலும் அதுவே இருந்தது. எந்த நான்கு என்று கேட்டேன். மின், துவோ, ஜியாலிங், அப்புறம் ஒன்று. அந்த நான்காவதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆறாகச் சொல்கிறார்கள். பட்டியல் ஆளுக்கு ஆள் மாறினாலே பெயர் அங்கிருந்து வரவில்லை என்று சந்தேகப்பட வேண்டாமா?

நடந்தது நிர்வாகப் பிரிவு. என் துறைக்கு நெருங்கிய விஷயம், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். தாங் காலத்தில் இந்த நிலம் ஜியான்னான், அதாவது வாள் கணவாய்க்குத் தெற்கு. 757-இல் அதை மேற்கு சுவான், கிழக்கு சுவான் என்று பிரித்தார்கள். பக்கத்துப் பிரிவு ஒன்றையும் சேர்த்து 'மூன்று சுவான்' என்று சொல்வது வழக்கமானது. ஆக, சுவான் முதலில் மூன்றாகத்தான் இருந்தது. பிறகு வந்த சோங் வம்ச ஆட்சி 965-இல் ஷுவைப் பிடித்தது. பிறகு 1001-இல் ஈஜோ, ஸிஜோ, லிஜோ, குயிஜோ என்று நான்கு பிரிவுகளாக்கியது. அவற்றைச் சேர்த்துச் 'சுவான், சியா நான்கு பிரிவுகள்' என்று எழுதினார்கள். சியா என்பது யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம். ஆவணத்தில் திரும்பத் திரும்ப எழுத நீளம், அது சுருங்கிச் சுருங்கி 'நான்கு சுவான்', சி-சுவான் என்று நின்றது. அந்த 'நான்கு' பிரிவுகளின் எண்ணிக்கை. சுவான் என்ற எழுத்துக்கு ஆறு என்றும் பொருள் உண்டு, சமவெளி என்றும் உண்டு. ஆறு என்று எடுத்துக்கொண்டதால் வந்த பிற்காலக் கதைதான் அந்த நான்கு ஆறுகள். யுவான் வம்ச காலத்தில் சிச்சுவான் என்பது மாகாணத்துக்கே அதிகாரப்பூர்வப் பெயர் ஆகிவிட்டது. 1997-இல் கிழக்கே சோங்சிங் தனியாகப் பிரிந்து போன பிறகும் பெயர் மாறவில்லை. குயிஜோ பிரிவு இருந்த நிலத்தில் பெரும் பகுதி இன்று சோங்சிங்கோடு போய்விட்டது, ஆனாலும் 'நான்கு' அப்படியே இருக்கிறது.

இதை நான் சொன்னதும் வழிகாட்டிப் பெண் மறுக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார், அலுவலகத்தில் சொல்லித் தாளை மாற்றச் சொல்கிறேன் என்றார். மாற்றினார்களா என்பதை அடுத்து போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஷு என்ற பெயரை இவ்வளவு அக்கறையாக எடுத்துக்காட்டுகிறவர்கள் சிச்சுவான் என்ற பெயருக்கு ஒரு வரி கொடுத்தது எனக்கு வருத்தம். மீதிப் பாதி மதிப்பெண் அங்கே போனது.

இனி போகிறவர்களுக்கு. ஆளுக்கு 680 யுவான் வாங்கினார்கள், நுழைவுச் சீட்டுகள் தனி. கூட வந்தவர்கள் எட்டுப் பேருக்கு மேல் இல்லை, அதனால் கேள்வி கேட்க இடம் கிடைத்தது. வழிகாட்டியின் ஆங்கிலம் தெளிவு. காதில் மாட்டக் கொடுத்த கருவி சான்சிங்துய்யில் பாதியில் சார்ஜ் இறங்கிவிட்டது, காலையிலேயே சரிபார்த்து வாங்குங்கள். கடவுச்சீட்டு இல்லாமல் சான்சிங்துய்க்குள் விட மாட்டார்கள், நகல் போதாது, அசலே வேண்டும். விடுமுறை நாட்களில் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், சுற்றுலாக்காரர்கள் எடுத்துத் தருவதுதான் இதில் பெரிய சௌகரியம். முட்டி வலி உள்ளவர்களுக்கு சான்சிங்துய்யில் நடை அதிகம், ஆனால் சாய்வுப் பாதை நன்றாகப் போட்டிருக்கிறார்கள், நான் சமாளித்துவிட்டேன். யோங்லிங்கில் உள்ளே வெளிச்சம் குறைவு, பார்த்து இறங்க வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது குறிப்பு எழுதும் இடத்தில் இரண்டு விஷயம் மறக்காமல் எழுதுங்கள்: கடை நிறுத்தம் வேண்டாம், யோங்லிங் கட்டாயம் வேண்டும். எழுதாவிட்டால் பலருக்கும் யோங்லிங்கை விட்டுவிட்டு அந்த நேரத்தில் பாண்டா பூங்காவுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்களாம்.